ஐந்து வளையங்களில் போன மூன்று மாதங்கள்

சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய விளையாட்டு வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் புதிய சின்னம், பெயர்ப்பலகை, நுழைவுச்சீட்டு, சுவரொட்டி எல்லாவற்றையும் வடிவமைத்துக் கொடுக்கும் வேலை சென்ற வாரம்தான் முடிந்தது. ஆறு மாத வேலை, பதினோரு மாதம் இழுத்துவிட்டது.

பழைய சின்னத்தில் ஒரு ஹாக்கி மட்டையும் அதன்மேல் ஒலிம்பிக் வளையங்களும் இருந்தன. "வளையங்கள் அப்படியே இருக்கட்டும், மற்றதை மாற்றுங்கள்" என்றார் செயலாளர். நானும் மறுபேச்சில்லாமல் மூன்று மாதம் அவற்றைச் சுற்றியே வரைந்தேன். டிரேட்மார்க் பதிவுக்காக வழக்கறிஞரிடம் போனபோது, பார்த்தவுடனே பேனாவால் வளையங்களைச் சுழித்தார். அவை சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்கு உரியவை. அவற்றைக் காப்பதற்கான 1981 நைரோபி உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அனுமதியில்லாமல் பதிவு கிடைக்காது. மூன்று மாத உழைப்பு அந்த மேசையிலேயே முடிந்தது. இத்தனை ஆண்டுகள் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர்கள், பென்சிலை எடுக்கும் முன்பே பழைய சின்னத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

புதிய யோசனை கிடைத்தது கிடங்கில். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய தகரப் பலகையைத் துடைத்தபோது, "விளையாட்டு" என்ற சொல்லில் துதிக்கை போட்ட ளை, அதாவது ஐகாரக் குறி யானைத் துதிக்கைபோல எழுத்தோடு சேர்ந்து வளையும் ளை தெரிந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். எழும்பி வளையும் அந்தத் துதிக்கையில் ஹாக்கி மட்டையின் வளைவை அப்படியே பார்த்தேன். என்னிடமிருந்த எந்த எழுத்துருவிலும் அந்த ளை இல்லாததால் கையால் வரைந்தேன். துதிக்கையின் முனையில் ஒரு பந்து, அவ்வளவுதான்.

"பிள்ளைகளுக்கு இந்த எழுத்து தெரியாதே" என்றார் குழுவில் ஒருவர். நியாயமான கேள்வி. ஆகவே சின்னத்தில் பழைய ளை, பெயரில் இன்றைய எழுத்து என்று முடிவு செய்தோம். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

சுவரொட்டியில் இன்னொரு முட்டுக்கட்டை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் வி. பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்றபோது எடுத்த படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கொடுத்தார்கள். படமெடுத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை படத்துக்குக் காப்புரிமை உண்டு. அதைக் கைவிட்டு, அருங்காட்சியகத்திலேயே இருக்கும் ஒரு பழைய மட்டையைப் படமெடுத்துப் போட்டோம். பிடியில் சுற்றிய துணி நைந்து, வியர்வைக் கறை படிந்த மட்டை. அந்தப் படம்தான் எல்லாருக்கும் பிடித்தது.

பதிவு விண்ணப்பத்தை இணையத்தில் போட்டோம். டிரேட்மார்க் பதிவில் பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; அருங்காட்சியகச் சேவை 41-ஆம் வகுப்பில் வரும். விண்ணப்பக் கட்டணம் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய். அறக்கட்டளைக்கு அந்தச் சலுகை இல்லை, 9,000 கட்ட வேண்டும். தமிழ் எழுத்துள்ள சின்னமென்றால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துத் தர வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கடைசி அடி பெயர்ப்பலகையில் விழுந்தது. எழுத்துகளை கர்வ் ஆக்கித்தான், அதாவது எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாதபடி வெறும் கோட்டு வடிவமாக்கித்தான், கோப்பை அனுப்பியிருந்தேன். முகவரியில் ஒரு திருத்தம் என்று அலுவலகத்திலிருந்து யாரோ நேராக அச்சகத்துக்குச் சொல்ல, அவர்கள் பெயரையும் சேர்த்துப் பழைய மென்பொருளில் புதிதாகத் தட்டிவிட்டார்கள். வாசலில் பலகையை ஏற்றிய பிறகுதான் பார்த்தேன். ளகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறி பின்னால் போய் யகரத்தோடு ஒட்டி, "விளயை" என்று நின்றது. எந்த எழுத்துக்காக இத்தனை பாடுபட்டேனோ அதே எழுத்து! பத்தடி பலகையை அன்றே இறக்க வைத்தேன்.

இரண்டாவது பலகை அச்சாகும்போது இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். ஐகாரம் தன் இடத்தில் வந்ததைப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கச் சொன்னேன்.