பழி எப்போதும் கேஸ் மேல்

சேலத்தில் எந்தக் கடைக்கு ஃப்ரீசர் பார்க்கப் போனாலும் முதலில் காதில் விழுவது, "அண்ணே, கேஸ் போயிருச்சுன்னு நெனைக்கிறேங்க" என்பதுதான். கேஸ் என்றால் பெட்டியைக் குளிர வைக்கும் வாயு. பேக்கரி மாஸ்டர் சொல்வார், பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியனும் ஆமோதிப்பார். உள்ளே இருக்கும் குளிரைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் டிஜிட்டல் கன்ட்ரோலர் வந்த பிறகு, கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை நான் கடைசியில்தான் கையில் எடுக்கிறேன். முதலில் ஓம் அளக்கும் மல்டிமீட்டர்.

கன்ட்ரோலருக்கு வெப்பம் தெரியாது, சென்சாரின் மின்தடை, அதாவது ஓம் மட்டும்தான் தெரியும். நம் பக்கம் அதிகம் வருவது 10 கிலோ ஓம் என்.டி.சி. சென்சார். 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 0 டிகிரியில் சுமார் 27, மைனஸ் 10-ல் சுமார் 42. என்.டி.சி. என்றால் குளிரக் குளிர ஓம் ஏறும் வகை. ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ கன்ட்ரோலரே எரர் காட்டிவிடும். அப்போதும் பல மாடல்கள் கம்ப்ரசரை இத்தனை நிமிடம் ஓடு, இத்தனை நிமிடம் நில் என்று ஓட்டிச் சரக்கைக் காப்பாற்றும். எரர் வந்தால் எனக்குச் சுலபமான வேலை. எரரே வராமல் தப்பான எண்ணைக் காட்டும் சென்சார்தான் ஆளைச் சுற்றலில் விடும்.

ஏற்காட்டில் ஒரு ஹோட்டலின் வாக்-இன் கூலர், ஆள் உள்ளே நுழையும் அளவு குளிர் அறை, அப்படித்தான் இருந்தது. செட் பண்ணியது 3 டிகிரி. டிஸ்ப்ளே 6-லேயே நிற்கிறது, கம்ப்ரசர் ஓய்வதே இல்லை. வழக்கம்போல கேஸ் என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பால் பாக்கெட் கல்லாக இருக்கிறது. கேஸ் குறைந்த பெட்டியில் பால் எப்படி உறையும்? கையில் கொண்டுபோன தெர்மாமீட்டர் மைனஸ் 3 காட்டியது.

சென்சார் ஒயரைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி அளந்தேன். மைனஸ் 3-க்கு 31 கிலோ ஓம் பக்கம் வரவேண்டும், வந்தது 20 சொச்சம். ஒயர் நீளம் பத்தாமல் யாரோ நடுவில் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், அதுவும் குளிரூட்டும் காயிலுக்குக் கீழே, தண்ணீர் சொட்டும் இடத்தில். டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பூத்த செம்பும் ஈரமும். ஜாயின்ட்டை வெட்டிவிட்டுச் சென்சாரை மட்டும் அளந்தால் சரியாக 31. அந்த ஈரம் இரண்டு ஒயருக்கும் நடுவே 60 கிலோ ஓம் அளவுக்கு ஒரு குறுக்குவழி போட்டிருக்கிறது. ஓம் குறைந்ததும், உள்ளே சூடாக இருக்கிறது என்று கன்ட்ரோலர் நம்பிவிட்டது. ஏற்காட்டு மூடுபனியில் இது அடிக்கடி நடக்கும்.

கன்ட்ரோலரில் சென்சார் ஒயரை மாட்டும் டெர்மினல் ஸ்க்ரூ துருப்பிடித்தால் கதை நேர்மாறு. ஓம் கூடும், உள்ளதைவிடக் குளிராகக் காட்டும், கம்ப்ரசர் சீக்கிரம் நின்று ஐஸ்கிரீம் இளகும். சேலத்துச் சித்திரை வெயிலில் அதைக் கேஸ் கணக்கில் எழுதாதவர் அபூர்வம்.

எனக்கு எரிச்சல் வருவது ஆஃப்செட் விஷயத்தில்தான், அதாவது கன்ட்ரோலர் காட்டும் எண்ணில் சில டிகிரியைக் கூட்டிக் கழிக்கும் செட்டிங். கடையில் "சென்சார் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால் ஏ.சி.க்குப் போடும் 5 கிலோ ஓம் சென்சாரையும் எடுத்து நீட்டுவார்கள். 10 கிலோ ஓம் கன்ட்ரோலரில் அதை மாட்டினால் 25 டிகிரி அறையில் 44 என்று காட்டும். உடனே ஆஃப்செட்டில் கழித்து, எண் சரியாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த வித்தியாசம் எல்லா வெப்பநிலையிலும் ஒன்றாக இருக்காது. அறையில் சரிக்கட்டியது ஃப்ரீசருக்குள் போனதும் சில டிகிரி தள்ளி நிற்கும்.

சந்தேகம் வந்தால் எவர்சில்வர் டம்ளரில் உடைத்த ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கலக்கிச் சென்சாரை அமுக்கி வைக்கலாம். மீட்டர் 27 கிலோ ஓம் பக்கம் வந்து நின்றால் சென்சார் நல்ல சென்சார். 800 ஓம் பக்கம் காட்டினால் அது பி.டி.சி., அதாவது குளிரக் குளிர ஓம் இறங்கும் வேறு வகை; கன்ட்ரோலர் செட்டிங்கையும் அதற்கேற்ப மாற்றவேண்டும்.

அந்த ஹோட்டலில் ஒயரை முழு நீளத்துக்கு மாற்றி, ஜாயின்ட்டைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து, சால்டர் வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். சென்சார் ஒயரை ஹீட்டர் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்ததையும் பிரித்துத் தனியாக ஓட்டினேன். பில்லைப் பார்த்துவிட்டு மேனேஜர், "கேஸே போடலியே, அப்புறம் எதுக்குங்க இவ்வளவு?" என்றார்.