யாரிடமும் சொல்லாதே என்றேன்

“எங்கப்பாவைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு ராத்திரி எங்கம்மா நல்லாத் தூங்குனாங்க மேம்.”

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மேசைப் பக்கம் வந்து நின்று சொன்னாள். நான் அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் மீதியையும் சொல்லிவிட்டாள். “குறட்டை விட்டுத் தூங்குனாங்க. அவங்க குறட்டை விடுவாங்கன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அத்தை தட்டி எழுப்பி, வந்தவங்க என்ன நினைப்பாங்கன்னு உட்கார வெச்சுட்டாங்க.”

நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். “இதை வேற யார்கிட்டயும் சொல்லாதம்மா.”

“சரி மேம்” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த “சரி மேம்” இன்னும் காதிலேயே இருக்கிறது.

அந்த ஒரு மணி நேரமும் நான் நடத்தியது அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பின் 1894-இல் எழுதிய ‘தி ஸ்டோரி ஆஃப் அன் ஹவர்’. மூன்றே பக்கக் கதை. இதயம் பலவீனமான லூயிஸ் மல்லார்டிடம், ரயில் விபத்தில் கணவன் இறந்துவிட்டான் என்ற செய்தியைப் பக்குவமாகச் சொல்கிறார்கள். உடன்பிறந்தவளான ஜோசபீனின் தோளில் சாய்ந்து குமுறி அழுகிறாள். பிறகு தன் அறைக்குள் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்காருகிறாள். வெளியே மரங்கள் துளிர்த்திருக்கின்றன, மழை வாசனை வருகிறது, தெருவில் ஒருவன் கூவி விற்றுக்கொண்டு போகிறான். அப்போது அவள் உதட்டிலிருந்து ஒரு சொல் தானாக வருகிறது: விடுதலை.

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பெண் எழுந்து கேட்பாள், “அவங்க வீட்டுக்காரர் நல்லவர்தானே மேம்?” நல்லவன்தான். அவளிடம் அன்பாகத்தான் இருந்தான் என்று கதையே சொல்கிறது. அவளும் அவனைச் சில நேரம் நேசித்திருக்கிறாள், பல நேரம் இல்லை. குடிகாரனாகவோ அடிப்பவனாகவோ காட்டியிருந்தால் வாசகர் எளிதாக அவள் பக்கம் சாய்ந்திருப்பார். ஷோப்பின் அந்த எளிய வழியை எடுக்கவில்லை. எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஒருவர் விருப்பத்தை இன்னொருவர் மேல் சுமத்தும் ஏற்பாடு கல்யாணம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். அன்றும் உயர்ந்தது. நேற்றுவரை வாழ்க்கை நீண்டுவிடுமோ என்று நடுங்கியவள், இப்போது நீள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள் பாருங்கள் என்று அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அதற்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள்.

நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவள் விடுதியில் தங்கிப் படிப்பவள். ஓர் அறைக்கு ஆறு பேர். ஒரு பேச்சு ராத்திரிக்குள் மூன்று மாடி ஏறிவிடும். அவள் அம்மா இன்னமும் மாமியார் வீட்டில்தான் இருக்கிறார். அவர் தூங்கிய கதை ஊர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டில் அவர் நிலைமை என்ன ஆகும்? இன்றைக்கு அதே பெண் வந்து நின்றாலும் நான் இதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவள் என்னிடம் பாதுகாப்புக் கேட்டு வரவில்லை. நான் பாடமாகச் சொன்ன ஒன்றைத் தன் வீட்டிலேயே பார்த்திருக்கிறாள், அதைச் சொல்ல ஓர் ஆளைத் தேடி வந்தாள். அம்மாவுக்கு அப்புறம் தூக்கம் வந்ததா, நீ அவங்களை என்ன நினைத்தாய், உனக்கு எப்படி இருந்தது என்று எதையாவது கேட்டிருக்கலாம். சொல்லாதே என்பதைக் கடைசியில் சொல்லியிருக்கலாம்.

கதையில் ஜோசபீன் பூட்டிய கதவுக்கு வெளியே மண்டியிட்டு, சாவித் துவாரத்தில் வாயை வைத்து, கதவைத் திற, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கெஞ்சுவாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வகுப்பில் நான் அவளை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவேன். இப்போது அந்த இடம் வந்தால் தயங்குகிறேன். அவள் மண்டியிட்டிருக்கும் இடத்தில் இந்தப் பெண்ணின் அத்தை தெரிகிறார், நானும் தெரிகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒருமுறை இரண்டு வருடம் வெளியூர் மாற்றல் வந்தது. தனியாக எப்படிச் சமாளிக்கிறீர்கள், பாவம் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். கஷ்டம்தான் என்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய், விளக்கைக்கூடப் போடாமல், டம்ளரில் காப்பியோடு பால்கனியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை.

அதன் பிறகு ஷோப்பினின் வாழ்க்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, 1855-இல், அப்பா ரயில் பாலம் இடிந்து இறந்துபோனார். அப்புறம் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று கணவனை இழந்த பெண்கள் நிறைந்த வீட்டில்தான் வளர்ந்தார். 1882-இல் அவருடைய கணவர் ஆஸ்கரும் காய்ச்சலில் போனார். ஆறு பிள்ளைகள், தலைக்கு மேல் கடன். மூன்றே வருடத்தில் அம்மாவும் போனார். எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கதையை அவர் எழுதியது 1894 ஏப்ரலில். அடுத்த மாதம் நாட்குறிப்பில் ஒன்று எழுதியிருக்கிறார். கணவரும் அம்மாவும் திரும்பி வர முடியுமானால், அவர்கள் போன பிறகு தனக்குக் கிடைத்த அனைத்தையும் தயங்காமல் விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துகொள்வாராம். ஆனால் அதற்கு இந்தப் பத்து வருட வளர்ச்சியை, தன் உண்மையான வளர்ச்சியை, மறக்க வேண்டியிருக்கும் என்றும் அங்கேயே எழுதுகிறார். துக்கமும் அந்த வளர்ச்சியும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. அதைப் படித்தபோது அந்த அம்மாவின் தூக்கம்தான் ஞாபகம் வந்தது. அவர் அழவில்லை என்று அவள் சொல்லவே இல்லை. நான்தான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

செமஸ்டர் முடியும் சமயத்தில் அவள் வராந்தாவில் என்னை நிறுத்தினாள். “அந்தக் கதையை அம்மாகிட்ட சொன்னேன் மேம்.” எனக்குப் பதறியது. எப்படிச் சொன்னாய் என்றேன். லீவுக்குப் போயிருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டே, முழுக்கத் தமிழில் சொன்னாளாம். கணவன் குடையோடும் பையோடும் உயிரோடு வந்து நிற்கிற இடம், அவள் செத்து விழுகிற இடம், சந்தோஷம் தாங்காமல் செத்தாள் என்று டாக்டர்கள் சொல்கிற இடம், எல்லாம். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம், “அவளுக்குப் பிள்ளைங்க இல்லையா?”

“கதையில இல்லம்மா” என்றேன்.

“நானும் அதத்தான் சொன்னேன் மேம். ‘அதான் கதவைச் சாத்திட்டு உட்கார முடிஞ்சிருக்கு’ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க.”

பதினோரு வருடமாக இந்தக் கதையை நடத்துகிறேன். பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை என்பது என் கண்ணில் பட்டதே இல்லை. ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவர் எழுதிய கதை அது. ஐந்து வருடம் கழித்து ‘தி அவேக்கனிங்’ நாவலில் நாயகி எட்னாவுக்கு இரண்டு பையன்களைக் கொடுத்தார். பிள்ளைகளுக்காக உயிரைத் தருவேன், என்னைத் தரமாட்டேன் என்கிறாள் எட்னா. கடைசியில் கடலுக்குள் போகிறாள். மூன்று பக்கத்தில் ஷோப்பின் விட்டுவைத்ததை அந்த அம்மா ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார்.

அன்றைக்குத் தூங்கியதைப் பற்றியும் அம்மாவிடம் பேசினாயா என்று கேட்க வாய்வரை வந்தது. சொல்லாதே என்று சொன்னவளே அதை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு மேம் என்று அவளும் கிளம்பிவிட்டாள்.