பயண நோக்கம்

விசா படிவத்தில் 'பயண நோக்கம்' என்ற கட்டத்தில் கர்சர் பத்து நிமிடமாக மினுக்கிக்கொண்டே இருந்தது.

"சுற்றுலான்னு போட்டுடலாமா? சீக்கிரம் கிடைக்குமே" என்றாள் மனைவி.

ஆசைதான். ஆனால் என்னோடு வாழ வருகிறவள் சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று எழுதினால் அது பொய்த் தகவல். பின்னால் துணைவர் விசாவுக்குப் போகும்போது அதுவே வினையாகும். வந்த பிறகு விசா வகையை மாற்றிக்கொள்ளவும் பல நாடுகள் விடுவதில்லை.

சரி, துணைவர் விசாவே.

திருமணச் சான்றிதழில் அப்போஸ்டில் வாங்கியாயிற்று; அதாவது, அதிலுள்ள கையெழுத்து உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் அரசுச் சான்று. சதுரமாக ஒரு முத்திரை. அவள் மொழியும் இல்லை, என் மொழியும் இல்லை; தலைப்பு பிரெஞ்சில். 1961 அக்டோபர் 5 ஹேக் ஒப்பந்தம் என்று. அதில் சேர்ந்த எல்லா நாட்டிலும் இப்படித்தான்.

அப்புறம், உறவு உண்மைதான் என்று காட்ட வேண்டுமே! மூன்று வருட அரட்டையைப் புரட்டினோம். பாதிக்கு மேல் "சாப்பிட்டாயா?"தான். நடுவில் ஒரு பெரிய சண்டை.

"இதை எடுத்துடு" என்றாள்.

எடுக்கவில்லை. சண்டையே போடாத தம்பதியை எந்த அதிகாரி நம்புவார்?

படிவம் இன்னும் அனுப்பவில்லை. அவள் அந்தச் சண்டையை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள். முகம் சரியில்லை.