சீனாய் மலை: ஒட்டகத்தில் ஏறினாலும் படியில் இறங்குங்கள்

முதலில் ஒட்டகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் கோபம் ஆறவில்லை. அடிவாரத்தில் அக்காவுக்காகப் பேசி முடித்த தொகை ஒன்று, மேலே இறக்கிவிட்டதும் கேட்டது அதைப்போல இரண்டு மடங்கு. விடிகாலை நாலு மணிக்கு, கையுறைக்குள்ளேயே விரல் மரத்துப்போகும் குளிரில் எவ்வளவு நேரம் சண்டை போடுவது? அடுத்த இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த எகிப்து பவுண்டு அப்படியே போனது. பேரம் பேசும்போதே வழிகாட்டியைப் பக்கத்தில் நிறுத்தி, "எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்" என்று சொல்லவைத்துவிடுங்கள்.

சரி, மலைக்கு வருகிறேன். கடற்கரை ஊரான தஹாபிலிருந்து இரவு வேன், வழியெல்லாம் செக்போஸ்ட், பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைக்கவே நேரமில்லை. பாலைவனப் பழங்குடியான பெதுயின் வழிகாட்டி இல்லாமல் மேலே விடமாட்டார்கள். மலை 2,285 மீட்டர் என்றதும் பயப்பட வேண்டாம், அடிவாரத்து மடமே 1,500 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. ஒட்டகப் பாதை சாய்வாக வளைந்து வளைந்து போகும், மூச்சு வாங்கினாலும் ஏறிவிடலாம். ஆனால் கடைசி 750 படிக்கு ஒட்டகம் வராது, எல்லோரும் நடைதான்.

உச்சியில் 1934இல் கட்டிய சின்ன தேவாலயம், பக்கத்திலேயே ஒரு சின்ன மசூதி. தேவாலயம் பூட்டியிருந்தது. நூறு பவுண்டுக்கு வாடகைக் கம்பளி வாங்கிப் போர்த்திக்கொண்டு பாறை விளிம்பில் உட்கார்ந்தோம். பைபிளில் யாத்திராகமம் 19ஆம் அதிகாரத்தில் இந்த மலையைச் சுற்றி எல்லை குறிக்கச் சொல்கிறார் கடவுள், மலையைத் தொட்டாலே சாவு என்கிறார். அந்த இடத்தில் ஒருவர் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, போய் அணைக்கச் சொன்னேன். நல்லவேளை, அணைத்துவிட்டார். அப்புறம் சூரியன் வந்தது. கறுப்பாகக் கிடந்த மலைகள் ஒவ்வொன்றாகச் செங்கல் நிறத்துக்கு மாற, அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் முழுக்க ஒரு நிமிஷம் வாயடைத்துப்போனது. ஒட்டகக் காசெல்லாம் அப்போது மறந்தே போனது!

மோசே பத்துக் கட்டளைகள் பெற்ற மலை இதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. இதுதான் என்ற மரபு ஏறக்குறைய 4ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. எனக்கு அது போதும்.

சூரியன் வந்ததுமே முக்கால்வாசிப் பேர் வந்த பாதையிலேயே இறங்கிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். துறவிகள் அடுக்கிய 3,750 படிகள் வழியாக இறங்குங்கள். முழங்கால் கெஞ்சும், பரவாயில்லை. கொஞ்ச தூரத்திலேயே எலியா பள்ளம் வரும். நாலு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் ஒரு பழைய சைப்ரஸ் மரம். தன்னைக் கொல்லத் தேடிய அரசி யேசபேலுக்குப் பயந்து நாற்பது நாள் நடந்துவந்த தீர்க்கதரிசி எலியா ஒளிந்திருந்த இடம் என்கிறார்கள். கடவுள் காற்றிலும் இல்லை, நிலநடுக்கத்திலும் இல்லை, நெருப்பிலும் இல்லை, கடைசியில் 'அமர்ந்த மெல்லிய சத்தம்' என்று வருமே, அந்தக் கதை. நாங்கள் போனபோது அங்கே யாரும் இல்லை. அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அவள் ஜாக்கெட் உரசும் சத்தம்கூடக் கேட்டது. "டேய், கொஞ்ச நேரம் பேசாம இரு" என்றாள். இருபது நிமிஷம் அப்படியே இருந்தோம். மொத்தப் பயணத்திலும் எனக்கு வேண்டியது அந்த இருபது நிமிஷம்தான்.

கீழே செயின்ட் கேத்தரின் மடம், 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது. சில நாட்களில் பூட்டியிருக்கும், மற்ற நாளிலும் காலையில் கொஞ்ச நேரம்தான், அதைப் பார்த்துக் கிளம்புங்கள். 'இது புனித நிலம், செருப்பைக் கழற்று' என்று கடவுள் மோசேயிடம் பேசிய, எரிந்தும் கருகாத முட்செடி என்று ஒரு செடியைக் காட்டுகிறார்கள். சுவருக்கு மேலிருந்து பச்சையாகத் தொங்குகிறது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அக்கா அவசரப்படாமல் ஷூ நாடாவை அவிழ்த்து, சாக்ஸையும் கழற்றி, சில்லென்ற கல்தரையில் வெறுங்காலோடு நின்றாள். நானும் கழற்றினேன்.