அந்தக் க்ளிக் எந்த த்ரெட்டுக்குப் போகிறது? வாய்மொழித் தேர்வுக்குப் படித்த அனுபவம்

ஆபரேட்டிங் சிஸ்டம் வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த முதல் கேள்வி இது: "திரையில் ஒரு பட்டனைக் க்ளிக் செய்கிறோம். அது யாருக்குப் போய்ச் சேரும்?" அந்த பிராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த ப்ரோகிராமுக்கு என்றேன். "அந்த பிராசஸில் நான்கு த்ரெட் ஓடுகிறது. எந்த த்ரெட்டுக்கு?" என்று தேர்வாளர் அடுத்துக் கேட்டார். த்ரெட் என்பது ஒரு பிராசஸுக்குள் தனியே ஓடும் வேலை இழை. என்னிடம் பதில் இல்லை. ஷெட்யூலிங், பேஜிங், டெட்லாக் எல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். விண்டோ சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் தேர்வுக்கு வராது என்று ஒதுக்கியிருந்தேன். மறுபடி அந்தத் தேர்வுக்குப் படித்தபோது புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் விண்டோஸை வைத்தே சொல்கிறேன்; என் பாடத்திட்டத்தில் இருந்தது அதுதான்.

முதலில் ஒன்றை மனதில் பதிய வையுங்கள். விண்டோ என்பது பிராசஸுக்குச் சொந்தமில்லை, அதை உருவாக்கிய த்ரெட்டுக்குச் சொந்தம். க்ளிக் போன்ற செய்திகள் காத்து நிற்கும் வரிசையான மெசேஜ் க்யூவும் த்ரெட்டுக்கு ஒன்று. ஆகவே க்ளிக் போய்ச் சேர்வது அந்த விண்டோவை உருவாக்கிய த்ரெட்டுக்கு. இதைப் படித்தால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும். நான் ஒரு சின்ன ப்ரோகிராமில் இரண்டு த்ரெட்டை ஓடவிட்டு ஆளுக்கொரு விண்டோ திறக்க வைத்தேன். முதல் த்ரெட்டில் மெசேஜ் லூப், அதாவது க்யூவிலிருந்து செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும் சுழற்சி இருந்தது. இரண்டாவதில் லூப் எழுதாமல் தூங்கப் போட்டுவிட்டேன். ஒரே பிராசஸ்தான், முதல் விண்டோ சொன்னபடி கேட்டது, இரண்டாவது அசையவே இல்லை. முதல் த்ரெட்டிலிருந்து அந்த இரண்டாவது விண்டோவை அழிக்கச் சொன்னால் அனுமதி இல்லை என்று பிழை வந்தது. இரண்டாவது த்ரெட் முடிந்ததும் அதன் விண்டோவும் தானாக மறைந்தது. சொந்தம் என்றால் என்னவென்று அந்த அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது.

16-பிட் விண்டோஸ் காலத்தில் எல்லா ப்ரோகிராமுக்கும் உள்ளீட்டு க்யூ ஒன்றே ஒன்றுதான். ஒருவர் மாட்டிக்கொண்டால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். பின்பு வந்த விண்டோஸ் என்டி வரிசையில் அதைப் பிரித்தார்கள். அதில் 1993-இல் வந்த முதல் பதிப்பில் விண்டோ மேலாண்மை சிஎஸ்ஆர்எஸ்எஸ் என்ற தனி பிராசஸில் இருந்தது. 1996-இல் என்டி 4.0 அதை வின்32கே என்ற பகுதியாக, சிஸ்டத்தின் மையமான கர்னலுக்குள் கொண்டுபோனது. ஒவ்வொரு சிறு வரைதலுக்கும் பிராசஸ் விட்டு பிராசஸ் தாவும் செலவைக் குறைப்பதுதான் நோக்கம். "ஏன் மாற்றினார்கள், அதனால் என்ன ஆபத்து?" என்று கேட்பார்கள். ஆபத்து இதுதான்: அந்தப் பகுதியில் ஒரு பிழை இருந்தால் கணினி முழுவதும் விழும், பாதுகாப்பு ஓட்டை இருந்தால் நேரே கர்னலுக்கே வழி திறக்கும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது, மெசேஜ் அனுப்பும் வழிகளான செண்ட், போஸ்ட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு. போஸ்ட் செய்தால் செய்தியை எதிர்த் தரப்பின் க்யூவில் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். செண்ட் செய்தால் பதில் வரும்வரை நிற்க வேண்டும். அதே த்ரெட்டின் விண்டோவுக்கு செண்ட் செய்தால் அது நேரடி ஃபங்ஷன் அழைப்பு போலத்தான். வேறு த்ரெட்டுக்கு என்றால், அந்த த்ரெட் தன் மெசேஜ்களை எட்டிப் பார்க்கும்வரை நம்முடையது உறங்கும்.

இங்கே நான் ஒரு தவறு செய்துகொண்டிருந்தேன், பலரும் செய்கிறார்கள். இரண்டு த்ரெட் ஒன்றுக்கொன்று செண்ட் செய்தால் டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நின்றுபோவது) என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்படி இல்லை. செண்டில் காத்திருக்கும் த்ரெட், தனக்கு வேறொரு த்ரெட் செண்ட் செய்ததை அந்த நேரத்திலும் எடுத்துக் கவனிக்கும். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோ வைத்திருக்கும் த்ரெட் "பின்னணி த்ரெட் முடியட்டும்" என்று சாதாரண வெயிட்டில் நிற்கிறது. அந்தப் பின்னணி த்ரெட்டோ அதே விண்டோவுக்கு செண்ட் செய்துவிட்டு நிற்கிறது. இரண்டும் நகராது. தேர்வில் டெட்லாக்குக்கு உதாரணம் கேட்டால் இதை வரைந்து காட்டுங்கள். அம்புகள் இரண்டே இரண்டுதான், வட்டம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

அப்படி நின்றுபோன த்ரெட் 5 நொடி மெசேஜ் எடுக்காமல் இருந்தால், சிஸ்டம் அதை பதிலளிக்கவில்லை என்று முடிவு செய்து, அந்த இடத்தில் அதே அளவில் ஒரு போலி விண்டோவை வைக்கிறது. நாம் இழுப்பதும் மூடுவதும் அந்தப் போலியைத்தான்.

விண்டோவைத் திரும்ப வரையச் சொல்லும் பெயிண்ட் மெசேஜ் பற்றியும் ஒரு கேள்வி அடிக்கடி வரும். அது மற்றவை போல க்யூவில் வரிசையில் நிற்பதில்லை. மற்ற வேலைகள் தீர்ந்ததும், திரும்ப வரைய வேண்டிய பகுதி இருந்தால் அப்போது உருவாக்கித் தரப்படுகிறது. ஆகவே இடையில் வரையாமல் நூறு முறை "இந்தப் பகுதி பழசாகிவிட்டது" என்று சொன்னாலும், எல்லாம் சேர்ந்து ஒரே பெயிண்ட்டாக வரும்.

செஷன், அதற்குள் விண்டோ ஸ்டேஷன், அதற்குள் டெஸ்க்டாப் என்ற அடுக்கை ஒரு படமாக வரைந்து வைத்துக்கொண்டால் போதும். ஒரு டெஸ்க்டாப்பில் உள்ள விண்டோ இன்னொன்றில் உள்ளதற்கு மெசேஜ் அனுப்ப முடியாது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, பின்னணியில் ஓடும் ப்ரோகிராம்களான சர்வீஸ்கள் செஷன் 0-வில் தனியே ஓடுவதால், அவை திறக்கும் விண்டோ நம் திரையில் வராது. ஒப்பீடு கேட்டால் யூனிக்ஸ், லினக்ஸ் பக்கம் உள்ள எக்ஸ் விண்டோ சிஸ்டத்தைச் சொல்லுங்கள்: அங்கே சர்வர் தனி பிராசஸ், அது பார்ப்பது க்ளையண்டின் (விண்டோ திறக்கும் ப்ரோகிராமின்) இணைப்பை, த்ரெட்டை அல்ல.

இரண்டாம் முறை தேர்வாளர் கேட்டது: "விண்டோவே இல்லாத த்ரெட்டுக்கு மெசேஜ் அனுப்பலாமா?" அனுப்பலாம், த்ரெட்டின் எண்ணை வைத்து போஸ்ட் செய்யலாம் என்றேன். ஆனால் புதிதாகப் பிறந்த த்ரெட்டுக்கு க்யூ கிடையாது. அது முதன்முறை விண்டோ சம்பந்தமான ஒரு அழைப்பைச் செய்யும்போதுதான் க்யூ உண்டாகிறது. அதற்கு முன் அனுப்பினால் போஸ்ட் தோற்றுவிடும். எனவே அந்த த்ரெட் தொடங்கியதும் ஒருமுறை பீக்மெசேஜ் (மெசேஜ் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் ஃபங்ஷன்) அழைத்து க்யூவை உண்டாக்கிவிட்டு, தயார் என்று ஈவென்ட் என்ற சைகை வழியாகத் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகே மற்றவர்கள் அனுப்ப வேண்டும் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.