பதினைந்து மீட்டர் இடைவெளி

எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து நாலு தெரு தள்ளி. சின்ன வயதில் ராத்திரி தூக்கம் வராவிட்டால் ட்ரெய்லர்கள் ஏர் பிரேக் விடும் ‘புஸ்’ சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் வரிசை நகர்வது அந்தச் சத்தத்தில்தான் தெரியும். முதலில் தூரத்தில் ஒன்று, அப்புறம் பக்கத்தில் ஒன்று, அப்புறம் வரிசை நெடுக. பின்னாளில் அதே சத்தத்துக்குச் சமன்பாடு எழுதச் சொல்லிச் சம்பளம் தருவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2018-இல் நான் சேர்ந்த குழுவின் வேலை, நெடுஞ்சாலையில் லாரிகளை ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் மென்பொருள். முதல் வண்டியை மனிதர் ஓட்டுவார். பின்னால் வரும் வண்டிகள் ரேடார் வழியாகவும் ரேடியோ வழியாகவும் அதைப் பின்தொடரும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 25 மீட்டர் போகிறது. நல்ல ஓட்டுநர் இரண்டு விநாடி இடைவெளி, அதாவது 50 மீட்டர் விடுவார். நாங்கள் 0.6 விநாடியில் நிறுத்தப் பார்த்தோம்: 15 மீட்டர். மனிதர் கால் பிரேக்குக்குப் போகவே அதைவிட அதிக நேரம் ஆகும். மென்பொருளுக்கு அந்தத் தாமதம் இல்லை. நெருங்கி ஓடினால் பின்வண்டிக்குக் காற்றின் தடை குறையும், டீசல் மிச்சமாகும், அதே சாலையில் கூடுதல் வண்டி போகலாம். கணக்கு அழகாகத்தான் இருந்தது.

யோசனை புதிதல்ல. 1997 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஐ-15 நெடுஞ்சாலையின் தனித் தடத்தில், எட்டு கார்கள் சுமார் 6.5 மீட்டர் இடைவெளியில் தாமாகவே ஓடிக் காட்டின. சாலைக்குள் 1.2 மீட்டருக்கு ஒன்றாகக் காந்தங்களைப் புதைத்திருந்தார்கள். அவற்றின் காந்தப் புலத்தை உணர்ந்துதான் கார்கள் தடம் மாறாமல் போயின. அடுத்த வருடமே அரசு அந்தத் திட்டத்தை மூடிவிட்டது. மூளையைச் சாலையில் வைப்பதா, வண்டியில் வைப்பதா என்ற பழைய சண்டையில் அப்புறம் வண்டியின் கையே ஓங்கியது. எனக்கு அதில் வியப்பில்லை. மெட்ரோவுக்காக வருடக்கணக்கில் தோண்டிக் கிடந்த திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். நம்மூரில் காந்தத்தைப் புதைத்தால் அடுத்த மாதமே குடிநீர்க் குழாய்க்காரர் மண்ணோடு அள்ளி ஓரத்தில் கொட்டியிருப்பார்.

வேலையில் கஷ்டமானது இடைவெளியைப் பிடித்து வைப்பது என்று நினைத்தேன். வரிசையில் முதல் வண்டி லேசாக பிரேக் தொட்டால் இரண்டாவது கொஞ்சம் அதிகமாகத் தொடும், மூன்றாவது இன்னும் அதிகம், பத்தாவது நின்றே விடும். வெறும் ரேடாரை நம்பி நெருங்கி ஓட்டினால் இதுதான் கதி. முதல் வண்டி பிரேக் தொட்ட செய்தியை ரேடியோவில் எல்லா வண்டிக்கும் ஒரே சமயத்தில் அனுப்பினால் அந்த அலை பெருகாது. ஆறு மாதத்தில் இதைச் சரிசெய்துவிட்டோம். திரையில் பத்து நீலப் பெட்டிகள் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் ஓடின. கிண்டியில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறி வீடு வரும் வரைக்கும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமிதத்தில் ஒரு சனிக்கிழமை, எல்லையம்மன் கோயில் பக்கம் டீக்கடையில் அப்பாவின் சிநேகிதர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நாற்பதடி பெட்டி ஓட்டுகிறவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

“பதினஞ்சு மீட்டரா? முன்னாடி போற வண்டி காலியா, லோடா?” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. எங்கள் பத்து நீலப் பெட்டிகளும் ஒரே எடை.

“முன்னாடி காலி வண்டி போனா நான் தள்ளிதான் போவேன் தம்பி. அவன் பட்டுனு நின்னுடுவான், எனக்கு நிக்காது. லோடு வண்டி முன்னாடி போனா ஒட்டிக்கினு போலாம்.”

எது மெதுவாக நிற்குமோ அது முன்னால், எது சீக்கிரம் நிற்குமோ அது பின்னால். இதை நான் ஆய்வுக் கட்டுரைகளில் படித்திருந்தேன். படித்து, “பிற்பாடு பார்க்கலாம்” என்று குறிப்பெழுதி மறந்தும்விட்டேன். ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் அவர் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவர் வண்டியிலேயே எண்ணூரிலிருந்து துறைமுகத்தின் ஜீரோ கேட் வரைக்கும் போனேன். கேபினில் நடுவில் நான், இடப்பக்கம் கிளீனர் பையன், கண்ணாடியோரம் என் செல்போன் கேமரா. வரிசைக்குள் எத்தனை வண்டி குறுக்கே நுழைகிறது என்று எண்ண ஒரு நோட்டும் வைத்திருந்தேன். இரண்டு பக்கம் கோடு கிழித்த பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். கடலோரமாகப் போகும் இடங்களில் மணல் பறந்து தடத்தின் வெள்ளைக் கோட்டையே மூடியிருந்தது. தடத்தை கேமரா கண்டுபிடிக்க அந்தக் கோடுதான் ஆதாரம்.

ஒரு பைக்காரர் எங்களுக்கும் முன்வண்டிக்கும் நடுவே நுழையப் போவது அண்ணாவுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்தது. நுழையுமுன்பே கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்துவிடும். எப்படி என்று கேட்டேன். “அவன் மூஞ்சிய பாக்காத. முன் சக்கரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு.” இடப்பக்கம் அவர் பார்ப்பதே இல்லை. அது கிளீனரின் வேலை. பையன் கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் போகலாம், ஒரே தட்டு என்றால் நில். வார்த்தையே கிடையாது. நாங்கள் ரேடியோவில் செய்ததை அவன் தகரத்தில் செய்துகொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து என் நிரலைத் திறந்து பார்த்தேன். ரேடாரில் ஒரு பொருள் கொஞ்ச நேரமே தெரிந்து மறைந்தால் அதைக் குப்பைச் சிக்னல் என்று வடிகட்டும்படி நானே எழுதியிருந்தேன். மேம்பாலத்துக் கம்பி, பெயர்ப்பலகை எல்லாம் பொய்யாக பிரேக் போட வைக்கும் என்பதால் போட்ட வடிகட்டி அது. ஒரு பைக் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேற எடுக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். திங்கட்கிழமை குழுத் தலைவரிடம் சொன்னபோது, “நம்ம கிளையன்ட் ரோட்ல பைக் இப்படி வராதுப்பா” என்றார். அது உண்மைதான். ஆனாலும் மாற்றினேன். வண்டியின் எடையையும் சேர்த்தேன். 15 மீட்டர் என்பது லோடுக்கும் வரிசைக்கும் தகுந்தபடி கூடியது. கூடக் கூட டீசல் மிச்சமும் குறைந்தது. இதை வாடிக்கையாளரிடம் விளக்குவதுதான் அந்த வருடத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை.

2019 ஜனவரியில் ஜெர்மனியின் லாரி நிறுவனமான டெய்ம்லர் இந்த முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. வரிசை அறுந்து, மறுபடி சேர வண்டிகள் வேகமெடுக்கும்போது மிச்சப்படுத்திய டீசல் போய்விடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2016 ஏப்ரலில்தான் டெய்ம்லர் உட்பட ஆறு நிறுவனங்களின் லாரிகள் இப்படி வரிசை கட்டி ராட்டர்டாம் துறைமுகம் வரை ஓடிக் காட்டியிருந்தன. சில மாதங்களில் எங்கள் வேலையும் சத்தமில்லாமல் நின்றது. என்னை அவசர பிரேக் குழுவுக்கு மாற்றினார்கள்.

அண்ணாவிடம் சொன்னேன். தன் வேலை போய்விடுமோ என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. நானாகவே, டிரைவர் இல்லாத காரை இந்தியாவில் விடமாட்டோம் என்று அமைச்சர் கட்கரி 2017-லேயே சொல்லிவிட்டார் என்றேன். சிரித்தார்.

“ரோட்டுல நான் ஓட்டிக்கிறேன் தம்பி. கேட்டாண்ட கியூல நிக்கிறதுக்கு ஒரு மிஷினு கண்டுபுடி. ராத்திரி பூரா முழிச்சினு ஒரு முழம், ஒரு முழமா நவுத்த முடியல.”

ஏன் ஒரு முழம் என்று கேட்டேன். இரண்டு முழம் விட்டால் பைக் வரும், அதுக்கு மேல விட்டால் இன்னொரு வண்டி மூக்கை நுழைக்கும், அப்புறம் கேட் வரைக்கும் சண்டைதான் என்றார்.

அந்த ராத்திரி பழைய நிரலை எடுத்து, வேகத்தை மணிக்கு 5 கிலோமீட்டராகக் குறைத்து, இடைவெளி என்ற இடத்தில் ஒரு முழத்துக்கு 0.45 மீட்டர் என்று போட்டு ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது வண்டி இரண்டாவதை முட்டியது.