ஆளுக்கு 77 வெள்ளி

சீனப் புத்தாண்டை ஒட்டி வரும் ஹோங்பாவ் குலுக்கலுக்கு எங்கள் பட்டறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து சிங்கப்பூர் லாட்டரியான டோட்டோ எடுப்போம். வசூல் வேலை என் தலையில். இந்த வருஷம் சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குழுவில் 'லெட்ஸ் பூல்', அதாவது பணத்தைச் சேர்த்துப் போடுவோம் என்று போட்டுவிட்டார். அது தமிழ்க் காதில் எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். நான் எப்போதும் 'பூலிங்' என்று இழுத்துச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்வேன்.

புதுக்கோட்டையிலிருந்து புதிதாக வந்த தம்பி, "நீச்சல் குளத்துக்கா அண்ணே?" என்றான். குளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டத்தில் எல்லாரும் வைக்கும் பந்தயப் பணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'poule', அதாவது 'கோழி' என்றார்கள். அந்தச் சொல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. டோட்டோவை நடத்தும், 1968இல் தொடங்கிய சிங்கப்பூர் பூல்ஸின் பெயரில் இருப்பதும் இந்தக் கோழிதான். சொன்னேன். "கோழியா?" என்று இன்னும் குழம்பினான்.

சரி, தமிழிலேயே சொல்வோம் என்று "பங்கு போடுறோம்டா" என்றேன். "விழுந்துருச்சா அண்ணே!" என்று எழுந்தே விட்டான். அவன் ஊரில் பங்கு போடுவது என்றால் கையில் இருப்பதைப் பிரிப்பது: நிலம், கிடாக்கறி. 'சீட்டு' என்றால் மாதாமாதம் கட்டுவது; டோட்டோவும் சீட்டுதான், இன்னும் வம்பு. 'கூட்டு' என்றால் எனக்கே புடலங்காய்தான் ஞாபகம் வருகிறது.

நாங்கள் எடுப்பது சிஸ்டம் 12: பன்னிரண்டு எண்களை ஆறு ஆறாகச் சேர்த்தால் வரும் எல்லா வரிசையும் அடங்கிய ஒரே சீட்டு. கடைசியில் தானாக வாயில் வந்தது: "சிஸ்டம் 12 ஒண்ணு, 924 வெள்ளி. ஆளுக்கு 77." உடனே பர்ஸை எடுத்தான்.

அந்த 'ஆளுக்கு' போதும் போல. தனியாக ஒரு வினைச்சொல் நமக்குத் தேவைப்படவே இல்லை. போன வருஷம் எங்களில் ஒருவருடைய அப்பா தவறியபோது திருச்சிக்கு விமான டிக்கெட் எடுத்ததும் அப்படித்தான். "ஆளுக்கு அம்பது" என்று ஒருவர் சொன்னார், அரை மணி நேரத்தில் பணம் மேசையில் இருந்தது.

குலுக்கலில் எங்கள் பன்னிரண்டு எண்களில் மூன்றுதான் வந்தது. சிஸ்டம் 12இல் அந்த மூன்றும் சேர்ந்து வரும் வரிசை 84, வரிசைக்குப் பத்து வெள்ளி, ஆக 840. நோட்டை எண்ணி ஆளுக்கு 70 வெள்ளி நீட்டினேன். தம்பி வாங்கிப் பார்த்தான்.

"இப்பதாண்ணே பங்கு போடுறோம். ஏழு வெள்ளி எங்கே?"